வாடகைக்குப் போன கீபோர்டு

ஹாஸ்டல்ல மியூசிக் பண்றவங்க நாலு பேர் சேர்ந்தா ஒரு சண்டை கண்டிப்பா வரும். நிஜமான சிந்தசைசர் வாங்கணுமா, இல்ல லேப்டாப்புல பிளகின் போதுமா? ஒருத்தர் ஹார்டுவேர் சவுண்டுக்கு ஈடே கிடையாதும்பார். இன்னொருத்தர் கண்ணைக் கட்டிட்டுக் கேட்கச் சொன்னா ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமாம்பார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போகும், முடிவு மட்டும் வராது. இதைப் படிக்கிற நீங்களும் ஏதாவது ஒரு கட்சியில இருப்பீங்க.

அந்தச் சண்டைக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒருத்தரோட வாழ்க்கையைச் சொல்றேன். அவர் பேரு ஆர்.கே.சேகர். உடனே உங்களுக்கு ஞாபகம் வர்றது ரெண்டு உறவு: ஏ.ஆர்.ரஹ்மானோட அப்பா, ஜி.வி.பிரகாஷோட தாத்தா. மகனும் பேரனும் இவ்வளவு பெரிய பேர் வாங்கினதால, அவர் என்ன வேலை பார்த்தார்னு கேட்க நமக்குத் தோணறதே இல்லை. ஆனா நம்ம ஹாஸ்டல் சண்டைக்கு நம்ம ஊர்ப் பக்கம் ஒரு ஆதிகதை உண்டுன்னா அது அவர் வீட்டுலதான் இருக்கு.

பேர் தெரியாத வேலை

சேகர் பிறந்தது 1933 ஜூன் 21. தமிழர். ஆனா அவருடைய பாட்டுகள் பெரும்பாலும் மலையாளப் படங்களில் வந்தவை. இது உங்களுக்கு விநோதமா இருக்கலாம். அந்தக் காலத்தில் மலையாளப் பாட்டுகள் ரெக்கார்டு ஆனதே மெட்ராஸில்தான். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் நாலுக்கும் கோடம்பாக்கம் சுற்றுவட்டாரத்து ஸ்டூடியோக்கள்தான் பட்டறை. காலையில் ஒரு மொழி, மத்தியானம் இன்னொரு மொழின்னு வயலின்காரர்கள் ஸ்டூடியோ விட்டு ஸ்டூடியோ ஓடுவார்கள்.

1964-இல் குஞ்சாக்கோ இயக்கிய பழசிராஜா படத்துக்கு சேகர் இசையமைத்தார். (மம்மூட்டி நடிச்சு இளையராஜா இசையமைச்சது 2009-இல் வந்த வேற படம், குழப்பிக்காதீங்க.) பாட்டு எழுதியவர் வயலார் ராமவர்மா. அதில் யேசுதாஸ் பாடின ஒரு தத்துவப் பாட்டு கேரளம் முழுக்கப் பிரபலமானது. அதே வருஷம் ஆயிஷா படமும் வந்தது. இப்படி ஒரு ஆரம்பம் கிடைத்தவருக்கு வரிசையாகப் படங்கள் வந்திருக்கணும். வரவில்லை. தன் பேரில் இசையமைக்க அவருக்கு மறுபடி நல்ல இடம் கிடைத்தது 1971 வாக்கில்தான். அநாத சில்பங்கள், யோகமுள்ளவள் எல்லாம் அந்த வருஷத்துப் படங்கள். யோகமுள்ளவளில் எஸ்.பி.பி.யும் எஸ்.ஜானகியும் பாடிய ஒரு டூயட்டை மலையாள நண்பர்கள் இன்னைக்கும் பாடுவாங்க, கேட்டுப் பாருங்க.

நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. மற்ற இசையமைப்பாளர்களின் பாட்டுகளுக்கு ஆர்க்கெஸ்ட்ரா அமைத்து நடத்திக்கொடுத்தார். ஜி.தேவராஜன், எம்.கே.அர்ஜுனன் மாதிரிப் பெரிய ஆட்களோடு வேலை. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டைப் போடுவார். அந்த மெட்டுக்கு முன்னாடி என்ன வரணும், சரணத்துக்கு நடுவில் எந்தக் கருவி பேசணும், பாடகர் மூச்சு வாங்குற இடத்தில் புல்லாங்குழல் வரணுமா வயலின் வரணுமா, ஒவ்வொருத்தர் முன்னாடியும் வைக்கிற தாளில் என்ன எழுதியிருக்கணும் என்பதெல்லாம் அரேஞ்சரின் வேலை. இன்னைக்கு உங்க லேப்டாப்புல டிராக் டிராக்கா அடுக்கி, பிடிக்கலைன்னா அழிச்சிட்டு மறுபடி போடறீங்களே, அதை அவர் தலைக்குள்ளேயே முடித்தாகணும். காரணம், அப்போது எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒன்றாக வாசிக்கணும், பாடகரும் கூடவே பாடணும். ஒருத்தர் ஒரு சுரம் தப்பினால் பாட்டு முதலிலிருந்து. அன்டூ பட்டன் கிடையாது.

ரசிகனுக்கு இந்த வேலையோட பேரே தெரியாது. பாட்டுக்குப் பேர் மெட்டுப் போட்டவருக்கும் பாடினவருக்கும். டைட்டிலில் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடும், அவ்ளோதான். அப்படிச் சின்ன எழுத்தில் வேலை பார்த்தே அவர் தென்னிந்தியாவின் பிஸியான ஆட்களில் ஒருவரானார். ஒரே சமயத்தில் பல படங்கள், ஒரே நாளில் பல ஸ்டூடியோக்கள்.

சுவிட்ச் போட்டால் பாடும் பெட்டி

சம்பாதித்த காசில் சேகர் கருவிகள் வாங்கினார். அதுவும் எலெக்ட்ரானிக் கருவிகள். தென்னிந்திய சினிமாவுக்குள் அவற்றைக் கொண்டுவந்த முதல் சிலரில் அவரும் ஒருவர். இதன் கனம் புரியணும்னா அந்தக் காலத்தைக் கொஞ்சம் பார்க்கணும்.

இந்தியச் சினிமாவுக்கு எலெக்ட்ரானிக் சத்தம் அதுக்கு முன்னாடியே அறிமுகம்தான். 1954-இல் வந்த நாகின் ஹிந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடி மாதிரி ஒரு சத்தம் வரும். அது மகுடி இல்லை, கிளாவியோலின் என்ற கருவி. வாசித்தவர் பிற்காலத்தில் கல்யாண்ஜி ஆனந்த்ஜி என்று புகழ்பெற்ற இரட்டையரில் மூத்தவர், கல்யாண்ஜி. பிரான்சில் 1947-இல் கான்ஸ்டன்ட் மார்ட்டின் உருவாக்கிய பெட்டி அது. உள்ளே வால்வு ஆசிலேட்டர். ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரம்தான் வரும், கார்டு பிடிக்க முடியாது. நம்ம ஊர் மெலடிக்கு அதுவே தாராளம்.

அப்புறம் அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-இல் டிரான்சிஸ்டரை வைத்து வோல்டேஜால் கட்டுப்படுத்தும் சிந்தசைசரைச் செய்தார். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கே ஒரு மூக் வந்து சேர்ந்தது. 1970-இல் மினிமூக் வந்தது. அதன் விலை சுமார் 1500 டாலர். அப்போது டாலருக்கு ஏழரை ரூபாய்னு வைத்தாலே 11,000 ரூபாய்க்கு மேல். அதுக்கு மேல சுங்க வரி, இறக்குமதி லைசென்ஸ் தொல்லை. சேகர் வாங்கினது மினிமூக்னு நான் சொல்ல வரல. ஒரு எலெக்ட்ரானிக் கீபோர்டை வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது அன்னைக்கு எவ்வளவு பெரிய முடிவுன்னு ஒரு அளவு தெரியட்டும்னுதான் இந்தக் கணக்கு.

கொண்டுவந்தாலும் லேசில் அடங்குற ஜாதி இல்லை அந்தக் கருவிகள். அனலாக் சிந்தசைசர் பத்தி ஒரு விஷயம், நமக்குச் செமஸ்டர்ல வர்றதுதான். டிரான்சிஸ்டரோட பேஸ்-எமிட்டர் வோல்டேஜுக்கும் கலெக்டர் கரண்டுக்கும் நடுவில் எக்ஸ்பொனென்ஷியல் உறவு. அந்தச் சமன்பாட்டுக்குள்ள டெம்பரேச்சர் உட்கார்ந்திருக்கு. ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.33 சதவீதம் நகரும். ஈடுகட்டாமல் விட்டால் பத்து டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு ஆக்டேவுக்கு ஏறக்குறைய 40 சென்ட் ஸ்ருதி விலகும், அதாவது ஒரு அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட பாதி. வெப்பத்துக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டர் வைத்து இதைச் சரிக்கட்டினாங்க. இருந்தும் ஏசி ஸ்டூடியோவுக்கும் மெட்ராஸ் வெயிலுக்கும் நடுவில் அந்த மாதிரி ஒரு பெட்டியைத் தூக்கிட்டு அலைஞ்சா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. இந்த விலகலைத்தான் இப்போ பல பிளகின்கள் ஒரு குமிழா வச்சு, வேணும்னே ஸ்ருதியைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டுது. அன்னைக்கு அது தலைவலி, இன்னைக்கு அதுதான் விற்பனைச் சரக்கு.

1976

அந்த வருஷம் மே மாதம் அன்னக்கிளி ரிலீஸ். தமிழ் சினிமா இசைக்கு ஒரு புது வாசல் திறந்தது. அதே வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி சேகர் இறந்துபோனார். வயசு 43. நோயில் படுத்துப் போன கடைசி மாதங்கள் வரை ஓடிக்கொண்டே இருந்தவர். மனைவி கஸ்தூரி, நாலு குழந்தைகள். மகன் திலீப்புக்கு அப்போது ஒன்பது வயசு. அந்தத் திலீப்தான் பிற்காலத்து ரஹ்மான்.

இங்கேதான் நம்ம சண்டை வாழ்க்கைப் பிரச்சினையா மாறுது. சம்பாதிக்கிற ஆள் போயாச்சு. மெட்டுக்கோ அரேஞ்ச்மென்டுக்கோ மாசாமாசம் காசு கொண்டுவர்ற ஏற்பாடு எதுவும் இல்லை. வேலை பார்த்த அன்னைக்குச் சம்பளம், அதோட கணக்கு முடிந்தது. வீட்டில் மிச்சம் இருந்தது அந்தக் கருவிகள். அவற்றை விற்று, பணத்தை வட்டிக்குப் போட்டு நிம்மதியா இருக்கலாமேன்னு கஸ்தூரிக்குப் பலர் யோசனை சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. மகன் தலையெடுப்பான், கருவிகளை அவன் பார்த்துக்கொள்வான் என்று அவற்றை வாடகைக்கு விட்டார். ரெக்கார்டிங்குக்குக் கருவி போகும், வாடகை வரும், அதில் வீடு ஓடும். பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

வாடகைக்கு ஏன் ஆள் வந்தாங்க? ஊரில் அந்தக் கருவி நாலு பேரிடம்தான் இருந்தது. ஒரு படத்துக்கு எலெக்ட்ரானிக் சத்தம் வேணும்னா கருவி வச்சிருக்கிற வீட்டுக் கதவைத் தட்டியாகணும். கருவி போனால் அதை இயக்கத் தெரிஞ்ச ஆளும் வேணும். எந்தக் குமிழைத் திருகினால் என்ன ஆகும்னு வீட்டிலேயே தொட்டுத் தொட்டுத் தெரிஞ்சுக்கிட்ட பையன் இருந்தான். பள்ளிக்கூட வயசிலேயே திலீப் ஸ்டூடியோக்களில் கீபோர்டு வாசிக்கப் போனார். அப்பாவோடு பல வருஷம் வேலை செய்த எம்.கே.அர்ஜுனன் 1981-இல் அடிமச்சங்ஙலா படத்தில் அவரை வாசிக்க வைத்தார். அப்பாவின் இடத்தில் மகன். ஒன்பது வயசுப் பையனுக்கு அப்பா உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? மீதிப் பாடத்தை அந்த மரப்பெட்டிகளும் குமிழ்களும் நடத்தியிருக்கணும்.

சூளை யாருடையது?

இதே கணக்கை நம்ம விருத்தாசலத்தில் தினமும் பார்க்கலாம். நெய்வேலிக் களிமண் பக்கத்தில் கிடைப்பதால் இங்கே பீங்கான் தொழில் வளர்ந்தது. அகல் விளக்கு, கொலு பொம்மை, கரண்ட் கம்பத்து இன்சுலேட்டர், வீட்டு ஃபியூஸ் கட்டை எல்லாம் செராமிக் தொழிற்பேட்டைச் சரக்கு. பொம்மை எப்படிச் செய்றாங்கன்னு போய்ப் பார்த்திருக்கீங்களா? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் கரைத்த களிமண்ணை ஊற்றுவாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சும், உள்சுவரில் மண் பிடிக்கும், மிச்சத்தைக் கவிழ்த்து ஊற்றிடுவாங்க. ஒரே அச்சில் நிறைய பொம்மை வரும். ஆனா சுட்டால்தான் அது பொம்மை, அதுவரைக்கும் மண்ணுதான். சொந்தமா சூளை இல்லாத சின்ன பட்டறைக்காரர் அடுத்தவர் சூளையில் கட்டணம் கொடுத்துச் சுட்டு வாங்கணும். சூளை வச்சிருக்கிறவருக்கு வியாபாரம் மந்தமான மாசத்திலும் ஒரு வருமானம் உண்டு.

சேகர் குடும்பத்துக்குக் கையில் இருந்தது சூளை. பிளகின் அச்சு மாதிரி, அதுவும் தேயவே தேயாத அச்சு. எத்தனை காப்பி எடுத்தாலும் முதல் காப்பி மாதிரியே இருக்கும். இது பெரிய வரம். யமஹா 1983-இல் விட்ட டிஎக்ஸ்7 கீபோர்டின் சத்தம் இன்னைக்கு டெக்ஸ்டு என்ற இலவச பிளகினில் கிடைக்குது. சர்ஜ் எக்ஸ்டி முழுக்க இலவசம், சோர்ஸ் கோடும் திறந்து கிடக்குது. வைட்டலுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. பதினோராயிரம் ரூபாயும் இறக்குமதி லைசென்ஸும் கேட்ட கதவு ஹாஸ்டல் வைஃபையில் திறக்குது. இதை வேண்டாம்னு சொல்றவர் அந்தக் கதவுக்கு வெளியே நின்னு பழகாதவர்.

ஆனா காசு கொடுத்து வாங்குற பிளகினோட லைசென்ஸை ஒரு தடவை முழுசாப் படிச்சுப் பாருங்க. நீங்க வாங்கினது பயன்படுத்துற உரிமை மட்டும். பெரும்பாலானதில் வாடகைக்கு விடக் கூடாது, விக்கணும்னா கம்பெனி சம்மதம் வேணும். மாசச் சந்தா கட்டுறதா இருந்தா, கட்டாத மாசம் உங்க பழைய பாட்டே சரியாத் திறக்காது. 2019-இல் ஆப்பிள் தன் கம்ப்யூட்டர்களில் 32-பிட் புரோகிராம்களை நிறுத்தினப்போ, அப்டேட் பண்ணாத எத்தனையோ பழைய பிளகின்கள் ஒரே நாளில் பேச்சை நிறுத்தின. சேகர் இறந்தப்போ அவர் வீட்டில் இருந்தது பாஸ்வேர்டும் சந்தாவுமா இருந்திருந்தா கஸ்தூரி எதை வாடகைக்கு விட்டிருப்பார்?

சரி, அப்போ ஹார்டுவேர் கட்சி ஜெயிச்சாச்சான்னு கேட்காதீங்க. கதையில் இன்னொரு பக்கமும் இருக்கு. வாடகை வந்தது அந்தக் கருவி அரிதா இருந்ததால. எல்லார் லேப்டாப்பிலும் அதே சத்தம் இருக்கிற இந்தக் காலத்தில், ஒரு சிந்தசைசரை வாடகைக்கு விட்டு நாலு குழந்தைகளை வளர்க்கிறது ரொம்பக் கஷ்டம். பிளகின் எல்லாருக்கும் கதவைத் திறந்தபோது, வாசலில் உட்கார்ந்திருந்தவரின் பிழைப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது.

அதுக்கும் முன்னாடி, இதே மாதிரி ஒரு பிழைப்பை சிந்தசைசர் எடுத்தது. சேகரின் கலையே ஒரு அறை நிறைய ஆட்களை வைத்து எழுதுவது. அந்த வயலின்காரர்களின் குடும்பங்கள் கால்ஷீட்டை நம்பி இருந்தன. 80-களில் கீபோர்டும் சீக்வென்சரும் வந்தபின் அந்த நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அந்த அறைக்குள் பெட்டியை முதலில் கொண்டுவந்த சிலரில் சேகரும் ஒருவர். இது எங்கே போய் முடியும்னு அவர் காலத்தில் யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது. நம்ம காலத்தில் ஒரு வரி டைப் பண்ணினால் முழுப் பாட்டே வருது, இது எங்கே போய் முடியும்னு நமக்குத் தெரியுமா?

மிச்சம் நின்னது

மகன் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ஸ்டூடியோவைக் கட்டினார். 1992-இல் ரோஜா. அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ரோஜா பாட்டுகளில் எவ்வளவு எலெக்ட்ரானிக் சத்தம் இருக்குன்னு நாம பேசுவோம். ஆனா அதில் ஒரு கருவி எப்போ வரணும், எப்போ வாயை மூடிட்டு இருக்கணும் என்கிற தீர்ப்பு இருக்கே, அது எந்தக் குமிழிலும் இல்லை. அது அரேஞ்சர் வேலை. அப்பா வாழ்நாள் முழுக்கச் சின்ன எழுத்தில் செய்த அதே வேலை.

அதனால உங்களுக்கு என் யோசனை இதுதான். கையில் காசு இல்லையா, இலவச பிளகின் ஒண்ணே ஒண்ணை எடுத்து, அதோட ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் மூணையும் கண்ணை மூடிட்டு இயக்குற அளவுக்குப் பழகுங்க. இருநூறு பிளகினை இறக்கி வச்சு எதையும் தெரியாம இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். கொஞ்சம் காசு சேர்ந்தா, செகண்ட் ஹேண்டாவது ஒரு நிஜக் கருவி வாங்குங்க. சவுண்டு உசத்திங்கிறதுக்காக இல்லை. அது உங்க சொத்து. இரவல் கொடுக்கலாம், விக்கலாம், ரிப்பேர் பண்ணலாம், தம்பியோ தங்கச்சியோ நீங்க இல்லாத நேரத்தில் எடுத்து நோண்டலாம். அந்த நோண்டலில் என்ன முளைக்கும்னு யார் கண்டா?

முக்கியமா, இன்னைக்கு ராத்திரி ஹெட்போனை மாட்டிட்டு 1964 பழசிராஜாவில் யேசுதாஸ் பாடின அந்தத் தத்துவப் பாட்டைத் தேடிக் கேளுங்க. மொழி புரியலைன்னா பரவாயில்லை. முதல் தடவை யேசுதாஸைக் கேளுங்க. ரெண்டாவது தடவை அவரை விட்டுட்டு, அவர் குரலுக்குப் பின்னாடி எந்தக் கருவி எப்போ வருது, எப்போ போகுதுன்னு மட்டும் கேளுங்க. அங்கே ஒருத்தர் வேலை பார்த்துட்டு இருப்பார்.